துணையை இழந்தவருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

கணவரையோ மனைவியையோ இழந்து சில மாதங்களே ஆன ஒருவருக்குப் படிக்க ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் இழப்பில் தொடங்கிக் குடும்பத்தின் அரவணைப்பில் முடிகிற இதமான நாவல் ஒன்றைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் அந்த நாவலைப் பற்றி மற்ற வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்தால் குழப்பம் கூடுகிறது. ஒருவர் கண்ணீரோடு படித்து முடித்து, அன்றிரவே தம் தாயை அழைத்துப் பேசியதாகச் சொல்கிறார். இன்னொருவர் முதல் ஐம்பது பக்கங்களிலேயே மூடிவைத்துவிட்டு, இதை எழுதியவர் யாரையும் இழந்திருக்க மாட்டார் என்று கோபப்படுகிறார். இருவரும் படித்தது ஒரே புத்தகம். யார் சொல்வதை நம்பி முடிவெடுப்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள, இதமான நாவலை அதற்கு மாற்றாக அமையக்கூடிய வேறு இரண்டு வகைகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று, ஆறுதலை அவசரப்படுத்தாத அடங்கிய நாவல். மற்றது, துணையை இழந்தவரே தம் அனுபவத்தை எழுதிய துயரக் குறிப்பு.

இதமான நாவலுக்கு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்ட ஓர் அமைப்பு உண்டு. துணையை இழந்தவர் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார். அலமாரியில் இறந்தவரின் உடைகள் அப்படியே தொங்குகின்றன. தொலைவில் வாழும் மகனோ மகளோ தொலைபேசியில் பதற்றப்படுகிறார்கள். எதிர்பாராத நேரத்தில் ஒரு பேரக்குழந்தையோ, அயல்வீட்டாரோ, கண்டெடுத்த பழைய கடிதமோ கதைக்குள் நுழைகிறது. நெடுநாள் குடும்பப் பிணக்கு ஒன்று அவிழ்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரே மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்கிறார்கள். இந்த அமைப்பில் தவறில்லை. நல்ல கையில் அது உண்மையான நிறைவைத் தருகிறது, அந்த நிறைவைத் தேடித்தான் வாசகர்களும் வருகிறார்கள்.

நான் பல ஆண்டுகளாகப் பங்கேற்கும் வாசிப்பு வட்டத்தில் இத்தகைய நாவல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பாராட்டுகள் சிறிய விவரங்களைச் சுற்றியே அமைவதைக் கவனித்திருக்கிறேன். இரண்டு கோப்பைகளை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பது, கட்டிலில் தன் பக்கத்திலேயே படுத்து மறுபாதியைத் தொடாமல் விடுவது, இறந்தவரின் குரல் பதிவான தொலைபேசிச் செய்தியை அழிக்க மறுப்பது போன்றவற்றை வாசகர்கள் வரி பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாய்க்கும் வளர்ந்த மகளுக்கும் இடையே சொல்லப்படாமல் கிடந்தவை ஒரு வழியாக வெளிவரும் காட்சியையும் அவர்கள் போற்றுகிறார்கள். குறைகள் வேறு இடத்தில் எழுகின்றன. இறந்தவர் குறையே இல்லாத மனிதராகிவிடுகிறார் என்பது ஒன்று. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், கடன், கையெழுத்து என்று இழப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒருவரை அலைக்கழிக்கும் காகித வேலைகள் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன என்பது இன்னொன்று. புதிய காதல் வேண்டிய நேரத்தில் வந்து நிற்கிறது என்பது மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்சி மிக விரைவாக வந்துவிடுகிறது என்ற குறை திரும்பத் திரும்பக் கேட்கிறது.

இந்தக் கடைசிக் குறையின் எடை எனக்கு விளங்கியது என் வீட்டில்தான். அப்பா இறந்த மூன்றாம் மாதம், எல்லோரும் புகழ்ந்த ஒரு நாவலை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தபோது, பக்க அடையாளம் பாதியைத் தாண்டியிருக்கவில்லை. "இவளுக்கு மட்டும் எல்லாரும் வந்துவிடுகிறார்களே" என்று அம்மா சொன்னார். அவர் குரலில் பொறாமையோ கசப்போ இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த நாவலில் மூன்று பிள்ளைகள், ஒரு தங்கை, இரண்டு தோழிகள் ஆகியோர் நாயகியின் கதவைத் தட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ முதல் மாதத்துக்குப் பிறகு வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அவர்களில் நானும் அடிக்கடி வந்தவன் என்று சொல்ல முடியாது. ஆறுதல் தருவதற்காக எழுதப்பட்ட ஒரு கதை, தன்னிடம் இல்லாததைப் பட்டியலிட்டுக் காட்டும் கதையாக அவருக்கு ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வாசகர் கருத்துகளைக் கேட்கும்போது, சொல்பவர் இழப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதைச் சேர்த்தே கேட்கப் பழகினேன். துணையை இழக்காதவர்களும், இழந்து நெடுங்காலம் ஆனவர்களும், பெற்றோரில் ஒருவரை இழந்து மற்றவரைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளும் இதமான நாவலை மனமாரப் புகழ்கிறார்கள். அண்மையில் இழந்தவர்களின் கருத்து சட்டென்று வேறு தொனிக்கு மாறுகிறது. துயரத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் 1999-இல் முன்வைத்த இரட்டைச் செயல்முறை மாதிரி இதை ஓரளவு விளக்குகிறது. துணையை இழந்தவர் ஒரு நேரம் இழப்பையே பார்த்து அழுகிறார், நினைக்கிறார், ஏங்குகிறார். இன்னொரு நேரம் புதிய வேலைகளைக் கற்கிறார், கணக்குப் பார்க்கிறார், துயரத்திலிருந்து சற்றே விடுப்பு எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவதுதான் தாங்கிக்கொள்ளும் வழி என்பது அவர்கள் கருத்து. பல நாவல்கள் அத்தியாயங்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு), மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியபோது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றியவை. ஒருவரை இழந்து எஞ்சியிருப்பவர்கள் ஏறி முடிக்க வேண்டிய படிக்கட்டாக அவை அப்போது சொல்லப்படவில்லை.

போய்வருதல் என்ற இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று வகைகளின் குணம் துலங்குகிறது. இதமான நாவல் முதல் சில அத்தியாயங்களில் இழப்பைக் காட்டிவிட்டு மீட்சியின் பக்கம் சென்றால் திரும்புவதில்லை. துயரக் குறிப்பு இழப்பின் பக்கமே நெடுநேரம் தங்குகிறது. அடங்கிய நாவல் அரிதாகத்தான் கிடைக்கும். கிடைத்தால், இரண்டுக்கும் இடையே உண்மையாகவே போய்வருவது அதுதான்.

இதமான நாவல்களில் உலகெங்கும் அறியப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சுவீடனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் பேக்மன் 2012-இல் வெளியிட்ட, ஓவ் என்ற மனிதரைப் பற்றிய நாவல் அது. 2015-இல் சுவீடிஷ் திரைப்படமாகவும், 2022-இல் டாம் ஹாங்க்ஸ் நடித்த ஆங்கிலத் திரைப்படமாகவும் வந்தது. மனைவி சோன்யாவை இழந்த 59 வயதுக்காரர் ஓவ். கடுகடுப்பானவர், விதிமுறைகளை விடாப்பிடியாகக் கடைப்பிடிப்பவர். எதிர்வீட்டுக்குக் குடிவரும், ஈரானில் பிறந்த பர்வானே என்ற கர்ப்பிணிப் பெண்ணும் அவள் குடும்பமும் அவரைத் தனியாக விட மறுக்கிறார்கள். வாசகர்கள் இந்த நாவலை விரும்புவதற்கு வலுவான காரணம் உண்டு. இங்கே குடும்பம் என்பது இரத்த உறவாகத் தயாராக வந்து நிற்பதில்லை; ஏணி இரவல் கேட்பது, காரோட்டக் கற்றுத்தரச் சொல்வது என்று ஒவ்வொரு தொல்லையாக உருவாகிறது. துணையை இழந்தவரிடம் உதவி கேட்பது அவருக்குச் செய்யும் உதவியாகவே மாறும் என்பதை இவ்வளவு நம்பும்படி எழுதிய நாவல்கள் குறைவு என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த நாவலைப் பரிசாகக் கொடுப்பவர்களில் பலர் சொல்லாமல் விடும் ஒரு செய்தியும் இருக்கிறது. ஓவ் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதும், அந்த முயற்சி பெரும்பாலும் யாரோ குறுக்கிடுவதால் நின்றுபோவதும் கதையின் முதுகெலும்பாகவே அமைந்திருக்கின்றன. நகைச்சுவையோடு சொல்லப்பட்டிருப்பதால், தொலைவில் நிற்கும் வாசகருக்கு அந்தப் பகுதிகள் உறுத்துவதில்லை. அதே எண்ணத்தோடு இரவுகளைக் கழிக்கும் ஒருவர் அவற்றை எப்படிப் படிப்பார் என்பது வேறு கேள்வி. வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு ஒருவரிடமிருந்து வந்துகொண்டிருந்தால், அப்போது அவருக்குத் தேவை கூடவே இருக்கும் மனிதரும் மருத்துவரும்தான். எந்த நாவலும் அந்த இடத்தை நிரப்பாது. இதமானது என்ற அட்டைச் சொல்லை மட்டும் நம்பிப் படிக்காமலே பரிசளிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடங்கிய நாவலுக்கு என் தேர்வு, அமெரிக்க எழுத்தாளர் கென்ட் ஹாரஃப் எழுதிய கடைசி நாவலான 'அவர் சோல்ஸ் அட் நைட்' (Our Souls at Night). அவர் 2014 நவம்பரில் இறந்தார். நாவல் 2015-இல் வந்தது. எழுபதை ஒட்டிய வயதில் இருக்கும் ஆடி மூர் என்ற பெண், தன்னைப் போலவே துணையை இழந்த அண்டைவீட்டுக்காரர் லூயிஸ் வாட்டர்ஸிடம் போய், இரவில் தன் வீட்டுக்கு வந்து பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார். உடலுறவு அவர் கேட்பதில் இல்லை. இரவைக் கடப்பதுதான் கடினம் என்கிறார். அங்கிருந்து இருவரும் தத்தம் திருமணங்களைப் பற்றி, இறந்தவர்களுக்குத் தாங்கள் செய்த தவறுகளைப் பற்றி, இழந்த பிள்ளையைப் பற்றி இருட்டில் பேசிக்கொள்கிறார்கள். மேற்கோள் குறிகள்கூட இல்லாத, இருநூறு பக்கங்களுக்கும் குறைவான நூல்; கவனம் நிலைக்காத மனநிலையிலும் ஒரே அமர்வில் சில பக்கங்களையாவது படித்துவிடலாம்.

இந்த நூலைப் பற்றிய வாசகர் கருத்துகள் பிளவுபடும் இடம் அதன் முடிவு. ஆடியின் மகன் ஜீன் இந்த உறவை ஏற்க மறுக்கிறான்; பேரன் ஜேமியைப் பார்க்க வேண்டுமென்றால் லூயிஸை விட்டுவிட வேண்டும் என்ற நிலைக்குத் தாயைத் தள்ளுகிறான். ஆடி பேரனைத் தேர்ந்தெடுக்கிறார். கடைசியில் இரண்டு முதியவர்களும் தொலைபேசியில் பேசிக்கொள்வது மட்டுமே மிஞ்சுகிறது. இதமான நாவலை எதிர்பார்த்து வந்தவர்கள் இதை ஏமாற்றமாக உணர்கிறார்கள், சிலர் கொடுமை என்றே சொல்கிறார்கள். எங்கள் வட்டத்தில் துணையை இழந்த மூவர் இருக்கிறார்கள். மூவருமே இந்த முடிவை மாற்றக் கூடாது என்றார்கள். குடும்பம் எப்போதும் மருந்தாகத்தான் வரும் என்ற கதையை அவர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். அன்பின் பெயரால் பிள்ளைகளே தம் பெற்றோரின் தனிமையைக் கட்டிக்காக்கும் காவலர்களாக ஆகிவிடுவதும் உண்டு என்று எழுத ஒருவர் துணிந்திருப்பதே அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது.

துயரக் குறிப்புகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியனின் கணவர் ஜான் கிரிகரி டன் 2003 டிசம்பர் 30 அன்று இரவு உணவுக்கு அமர்ந்த வேளையில் சரிந்து இறந்தார். அப்போது அவர்களுடைய மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அதற்கடுத்த ஓராண்டைப் பற்றி டிடியன் எழுதிய நூல் 2005-இல் வெளிவந்து, அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. கணவரின் காலணிகளைக் கொடுத்துவிட அவரால் முடிவதில்லை. திரும்பி வரும்போது அவருக்கு அவை வேண்டியிருக்குமே என்று மனம் நினைக்கிறது. கூர்மையான அறிவுடைய ஒருவர் தம் மனம் இப்படி நம்பியதை மறைக்காமல் எழுதியிருப்பது, எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் வாசகருக்குப் பெரிய விடுதலை. இந்த நூலைக் குளிர்ச்சியானது என்று குறைசொல்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவக் கட்டுரைகளையும் நேரக் குறிப்புகளையும் திரும்பத் திரும்ப ஆராயும் அதன் போக்கு, கதையின் கதகதப்பை விரும்புகிறவர்களைத் தள்ளி நிறுத்திவிடுகிறது. என் பார்வையில் அந்தப் போக்கே துயரத்தின் ஒரு வடிவம். ஆனால் அது எல்லோருக்குமான வடிவம் என்று சொல்ல மாட்டேன்.

மற்றொன்று பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் எழுதியது. மனைவி ஜாய் டேவிட்மன் 1960-இல் இறந்த பிறகு குறிப்பேடுகளில் எழுதியவற்றை, 1961-இல் என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஆசிரியர் யாரென்று அறியாத நண்பர்கள் அந்த நூலையே அவருக்கு ஆறுதலாகப் பரிந்துரைத்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. மிகச் சிறிய நூல், நான்கே பகுதிகள். இறைநம்பிக்கை உள்ளவர் அந்த நம்பிக்கையோடு சண்டையிடும் நூல் என்பதால், கொடுப்பவர் பெறுபவரின் மனச்சாய்வை அறிந்திருப்பது நல்லது.

இழந்தவர் பெண்ணா ஆணா என்பதற்கேற்ப வாசகர்களின் பொறுமை மாறுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொல்காப்பியம் காஞ்சித்திணையில் மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தபுதாரநிலை என்றும், கணவனை இழந்தவளின் நிலைக்குத் தாபதநிலை என்றும் தனித்தனிப் பெயர்களைத் தந்திருக்கிறது; பின்னாளில் கைம்பெண் என்ற சொல் வழக்கில் தங்கியது, ஆணுக்கான சொல்லோ பேச்சிலிருந்து நழுவிப்போயிற்று. நாவல்களிலும் இந்தச் சாய்வைக் காணலாம். மனைவியை இழந்தவர் எரிச்சல்காரராக இருந்தால் வாசகர்கள் அதை அன்பின் மறைந்த வடிவம் என்று ரசிக்கிறார்கள். கணவரை இழந்தவள் அதே எரிச்சலோடு பிள்ளைகளிடம் பேசினால், மனத்தில் ஒட்டாத பாத்திரம் என்று அவளைத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு நாவலின் நாயகியை விரும்ப முடியவில்லை என்று பலர் சொல்வதைக் கேட்டால், அந்த நாவலை உடனே ஒதுக்கிவிடாமல் நாமே சில பக்கங்கள் படித்துப் பார்ப்பது நல்லது. துயரத்தின் கோபத்தை உண்மையாக எழுதியதால்கூட அந்தக் கெட்ட பெயர் வந்திருக்கலாம்.

எனவே தேர்வு, இழப்புக்குப் பின் எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பதில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்றைக் கருதுவதற்கே குறைந்தது 6 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்கிறது. 2022-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதங்கள் என்று வரையறுக்கிறது. மருத்துவமே இவ்வளவு காலத்தை இயல்பென்று விட்டுக்கொடுக்கும்போது, ஒரு பருவத்துக்குள் சிரிக்கத் தொடங்கிவிடும் நாயகியின் கதையை மூன்றாம் மாதத்தில் நீட்டுவது, நீங்கள் ஏன் இன்னும் சிரிக்கவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகிவிடலாம். முதல் மாதங்களில் பலருக்கு ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்கும் கவனமே இருப்பதில்லை. அப்போது புத்தகம் எதையும் கொடுக்காமல் போய் உட்கார்ந்திருப்பது மேல். அவரே கேட்டால் சி. எஸ். லூயிஸின் நூலைப் போலச் சிறிதாக, எங்கே திறந்தாலும் படிக்கக்கூடியதாக ஒன்றைக் கொடுக்கலாம். ஓராண்டை ஒட்டி, எனக்கு நடப்பது வேறு யாருக்கேனும் நடந்திருக்கிறதா என்ற கேள்வி எழும் காலத்தில் டிடியனின் நூல் பொருந்தும். அதற்கும் பிறகு, இனி வரும் நாள்களை எப்படி வாழ்வது என்ற யோசனை தலைகாட்டும்போது, ஹாரஃபின் நாவலைப் போன்ற அடங்கிய கதை. கதை படிக்கும் பழக்கமே இல்லாதவருக்கு இந்த வரிசை முழுவதும் பொருந்தாது. துயரம் ஒருவரைப் புதிய வாசகராக மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் இதமான நாவலை யாருக்குக் கொடுப்பது? பிள்ளைகளுக்கு, மருமக்களுக்கு, உடன்பிறந்தவர்களுக்கு, முதல் வாரத்தில் வந்து போய்விட்ட நண்பர்களுக்கு. துணையை இழந்தவரின் வீட்டில் மாலை நேரம் எப்படி நகர்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியாது, அதைக் காட்டும் திறமை இந்த நாவல்களுக்கு உண்டு. ஓவின் கதையைப் படித்த ஒருவர் அண்டைவீட்டு முதியவரிடம் ஏணியை இரவல் கேட்கப் போனால், அந்த நாவல் தன் வேலையைச் செய்துவிட்டது. பாராட்டுகளில் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே வருகிறது என்பதால், அந்தப் பாராட்டுகளை நம்பி இவர்களுக்கே வாங்கித் தருவதுதான் பொருத்தம். துணையை இழந்தவருக்கும் இதமான நாவல் பிடிக்கலாம், பிடித்தவர்களை அறிவேன். அவர்கள் அதைத் தாமே தேர்ந்தெடுத்துப் படித்தவர்கள். எந்த வகையைக் கொடுத்தாலும், படித்துவிட்டீர்களா, எப்படி இருந்தது என்று பின்னாலேயே கேட்காமல் இருப்பது மிக முக்கியம். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால் புத்தகம் இன்னொரு கடமையாகிவிடும்.

அம்மா திருப்பிக் கொடுத்த நாவலை என் தம்பியும் நானும் படித்து முடித்தோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யார் போவது என்று பேசி வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடையே ஏற்பட்டது. அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து ஹாரஃபின் நாவலை அம்மாவின் மேசைமேல் வைத்தேன், எதுவும் சொல்லவில்லை. இப்போது இரண்டாம் முறையாகப் படிக்கிறார். மகன் வந்து பேசும் பக்கங்களை மட்டும் இந்த முறை தாண்டிவிடுவதாக, நான் கேட்காமலே ஒருநாள் சொன்னார்.